பிளக் எங்கே இருக்கு? கேமிங் லேப்டாப் வாங்கப் போற திருப்பூர் பசங்களுக்கு

அட்மிஷன் சீசன் வந்துட்டா நமக்கு வர்ற கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "பட்ஜெட் 80 ஆயிரம். கேம் நல்லா ஓடணும், காலேஜ்ல நாள் முழுக்க சார்ஜும் நிக்கணும். எந்த லேப்டாப் வாங்கறது?" கேட்டவங்கள்ல நிறைய பேர் திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம். அதனால இன்னைக்கு எபிசோட் முழுக்க நம்ம ஊருக்காக.

ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா மூணு மாசம் கழிச்சு அந்த மாடல் கடையிலேயே இருக்காது. அதனால எதைப் பார்த்து வாங்கணும்னு மட்டும் பேசலாம்.

முதல்ல காசு. 80 ஆயிரம்ங்கறது பவர் டேபிள்லயோ செக்கிங்லயோ வேலை பார்க்கற ஒரு வீட்டுக்குப் பல மாசச் சம்பளம். 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ, ஆர்டர் குறைஞ்சு ஓவர்டைம் நின்னுபோன வீடுகள் நம்ம ஊர்ல எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு மேல 2025 கடைசியில இருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறி, லேப்டாப் விலையையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருக்கு. இப்ப வாங்கற மெஷின் நாலு வருஷம் தாங்கணும். இடையில மாத்த முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேட்டரியில கேம் ஆடற லேப்டாப்னு ஒண்ணு இந்த விலையில கிடையாது. விளம்பரத்துல பார்க்ல உட்கார்ந்து ஆடுவாங்க, நம்பாதீங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். பேட்டரியோட கொள்ளளவை வாட்-ஹவர்ல சொல்வாங்க. 60 வாட்-ஹவர் பேட்டரியில மெஷின் 60 வாட் இழுத்தா ஒரு மணி நேரம், 12 வாட் இழுத்தா அஞ்சு மணி நேரம். கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்து 100 வாட்டைச் சுலபமா தாண்டும். அவ்வளவு கரண்டை பேட்டரியால கொடுக்கவும் முடியாது. அதனால பிளக்கைப் பிடுங்கின உடனே மெஷினே வேகத்தைக் குறைச்சுக்கும். என்விடியாவோட பேட்டரி பூஸ்ட் அப்படிங்கற வசதி, நொடிக்கு 30 ஃப்ரேம் அளவுல கட்டி வைக்கும். 144 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனுக்குக் காசு கொடுத்துட்டு 30-ல ஆடறதுக்கு ஆடாமலே இருக்கலாம்.

அப்போ கேமுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சமநிலைன்னு எதைத் தேடறோம்? கேம் ஆடாத நேரத்துல இந்த மெஷின் எவ்வளவு சிக்கனமா இருக்கும்ங்கறதைத்தான். நோட்ஸ் எடுக்கறப்போ, பிரவுசர் திறந்திருக்கறப்போ, பஸ்ல ஒரு வீடியோ பார்க்கறப்போ 10-ல இருந்து 15 வாட்டுக்குள்ள அடங்குதா? அடங்கினா ஒரு சாதாரண காலேஜ் நாள் ஓடிடும்.

இங்கதான் பெரும்பாலான பேர் கவனிக்காத சங்கதி வருது. கேமிங் லேப்டாப்ல ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். பிராசஸருக்குள்ளேயே ஒரு சின்னது, தனியா ஒரு பெரிய கார்டு. சின்னது வேலை செய்யும்போது பெரியது முழுசாத் தூங்கணும். தூங்கலைன்னா, நீங்க வேர்டு டாக்குமெண்ட் திறந்து வெச்சிருந்தாலும் கூடுதலா பத்து வாட் வரைக்கும் போயிட்டே இருக்கும். அஞ்சு மணி நேரம் மூணாயிடும். "புது லேப்டாப், ரெண்டரை மணி நேரம்கூட நிக்கலைங்க"ன்னு வர்ற புகார்கள்ல நிறைய இதுதான், பேட்டரி மேல தப்பே இருக்காது. டாஸ்க்பார்ல என்விடியாவோட ஜிபியு ஆக்டிவிட்டி ஐகானைத் தெரியற மாதிரி வெச்சுக்கிட்டா, எந்த ஆப் பெரிய கார்டை எழுப்பி வெச்சிருக்குன்னு காட்டும். பல தடவை கீபோர்டு லைட்டுக்கான சாஃப்ட்வேரோ அசையற வால்பேப்பரோதான் ஆசாமி. விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல அந்த ஆப்பைப் பவர் சேவிங்குக்கு மாத்துங்க. ஸ்கிரீனை 144-ல இருந்து 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்க. வித்தியாசம் அன்னைக்கே தெரியும்.

இப்போ உங்க ஒரு நாளை எடுத்து, அதுல பிளக் எங்கெல்லாம் இருக்குன்னு பாருங்க. தாராபுரத்துல இருந்து தினம் பஸ்ல வர்ற பொண்ணுக்கு வழியில பிளக் கிடையாது. கோயம்புத்தூர் காலேஜுக்கு ட்ரெயின்ல போற பையனுக்கு கிளாஸ்ல முன் பெஞ்ச்காரங்க பிளக்கைப் பிடிச்சிருப்பாங்க. ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்குச் சாயங்காலத்துக்கு மேல பிளக் பிரச்சினையே இல்லை. அப்புறம் மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில போற கரண்ட் சாயங்காலம்தான் வரும். 2012 வாக்குல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம இருந்த ஊர் இது, அதோட ஒப்பிட்டா இப்ப ஒண்ணுமே இல்லை. ஆனா அசைன்மெண்ட் கடைசி நாளும் ஷட்டவுனும் ஒரே நாள்ல வந்தா, 2012 ஞாபகம் வந்துடும்.

இந்தக் கணக்குல இன்னொண்ணும் சேரும். கேமிங் லேப்டாப்போட சார்ஜர் ஒரு செங்கல். லேப்டாப் ரெண்டரை கிலோ பக்கம், சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேல. அதைத் தினமும் சுமக்காம இருக்க ஒரு வழி இருக்கு. யூஎஸ்பி-சி வழியா சார்ஜ் ஏறுதான்னு வாங்கும்போதே கேளுங்க. ஏறும்னா 65 வாட் சின்ன சார்ஜர் பைக்குள்ள, செங்கல் வீட்டுல. கேம் ஆட அது பத்தாது, கிளாஸுக்குத் தாராளம். சில விலை குறைஞ்ச மாடல்கள்ல யூஎஸ்பி-சி இருக்கும், ஆனா சார்ஜ் வாங்காது. கடைக்காரர் "எல்லாம் ஏறும் தம்பி"ம்பார். ஒரு சார்ஜரைக் கையோட கொண்டுபோய்ச் சொருகிப் பாருங்க.

நம்ம ஊருக்கே உரிய விஷயத்துக்கு வர்றேன். முதலிபாளையத்துல நிஃப்ட்-டீ காலேஜ்ல படிக்கறவங்க, இல்ல எங்கேயாவது அப்பேரல், ஃபேஷன் டிசைன் படிக்கறவங்க, வீட்ல கேமிங் லேப்டாப்னு சொன்னா திட்டு விழும். ஆனா அவங்க படிப்புக்குத் தேவையான மெஷின் கிட்டத்தட்ட அதேதான். க்ளோ த்ரீடி தெரியும் இல்லையா? கொரியாவுல 2009-ல ஆரம்பிச்ச கம்பெனியோட சாஃப்ட்வேர். பேட்டர்னை ஸ்கிரீன்லேயே தைச்சு, உருவத்துக்கு மாட்டி, துணி எப்படி விழுதுன்னு காட்டும். பையருக்கு சாம்பிள் தைச்சு கூரியர் போடறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்லேயே காட்டிடலாம். அந்தத் துணி விழற கணக்கை வேகமாப் போட அதுல ஜிபியு சிமுலேஷன்னு ஒரு முறை இருக்கு. அதுக்கு என்விடியா கார்டு வேணும். ஆக, ராத்திரி ஜிடிஏ ஓட்டற அதே கார்டுதான் பகல்ல டி-ஷர்ட்டை மடிச்சு விழ வைக்குது. அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க, பொய் இல்லை.

ஆனா ஒரு நிபந்தனை. இந்தப் படிப்புக்காக வாங்கறீங்கன்னா 16 ஜிபி ரேமுக்குக் கீழ போகாதீங்க, இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கான்னும் பாருங்க. மேக்புக் ஏர் பேட்டரியில ராஜாதான், ஒத்துக்கறேன். ஆனா கம்பெனிகள்ல இருக்கற கெர்பர் அக்யூமார்க் மாதிரியான பேட்டர்ன் சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும். வேலோரண்ட்டும் மேக்ல கிடையாது. ஸ்னாப்டிராகன் போட்ட விண்டோஸ் லேப்டாப்புக்கும் பேட்டரி அருமை, ஆனா கேம் பக்கம் பல தலைவலி. நம்ம தேவைக்கு ரெண்டும் வேண்டாம்.

ஸ்கிரீன் பத்திக் கொஞ்சம் நிறுத்திப் பேசணும். விலையைக் குறைக்க கேமிங் லேப்டாப்ல கம்பெனிகள் முதல்ல கை வைக்கற இடம் ஸ்கிரீன்தான். ஸ்பெக் ஷீட்ல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. அப்படின்னா எஸ்ஆர்ஜிபி கலர்கள்ல மூணுல ரெண்டு பங்குதான் அந்த ஸ்கிரீன் காட்டும். கேம் ஆடறவனுக்கு அது பெரிசாத் தெரியாது. ஆனா சாயப்பட்டறை ஊர்ல படிக்கற பிள்ளைக்கு அது ஆபத்து. ஸ்கிரீன்ல மங்கலான செங்கல் நிறமாத் தெரியறது, லேப் டிப் வந்தப்புறம் பார்த்தா நல்ல சிவப்பா இருக்கும். ஷேடு ஒரு துளி மாறினாலே பையர் ரிஜெக்ட் பண்ற தொழில் இது. இறுதி முடிவு எப்பவும் துணியைப் பார்த்துத்தான், சரி. ஆனா நாலு வருஷம் தப்பான கலரைப் பார்த்தே கண்ணு பழகக் கூடாது. எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம்னு போட்ட ஸ்கிரீனுக்காக, கிராஃபிக்ஸ் கார்டுல ஒரு படி கீழ இறங்கலாம். என்னைக் கேட்டா நான் இறங்குவேன்.

கார்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஆர்டிஎக்ஸ் 4050-ங்கற ஒரே பேர்ல 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் லேப்டாப் கம்பெனி எவ்வளவு வேணாலும் வெச்சுக்கலாம். ஒரே ஸ்டிக்கர், ரெண்டு வேற வேகம். பேட்டரியும் அப்படித்தான். ஆசுஸ் டஃப் ஏ15 குடும்பத்துலேயே 48 வாட்-ஹவரும் வந்திருக்கு, 90-ம் வந்திருக்கு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! பேரைக் கேட்டு வாங்கினவனுக்கு எது கிடைக்குதோ அது.

அடுத்தது பஞ்சு. நிட்டிங் யூனிட் பார்த்தவங்களுக்குத் தெரியும், மெஷினுக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும், பஞ்சு படியாம ஊதித் தள்ள. ஊதின பஞ்சு எங்க போகும்? உங்க லேப்டாப் ஃபேனுக்குள்ள போகும். இன்டர்ன்ஷிப்னு யூனிட்டுக்குள்ள கொண்டுபோனா, சில மாசத்துலேயே ஹீட்சிங்க்ல மெத்தை மாதிரி படிஞ்சிடும். அப்புறம் சூடு வெளிய போகாது, மெஷின் தானாவே வேகத்தைக் குறைக்கும், கேம் திக்கும், சூட்டுல பேட்டரியோட ஆயுளும் குறையும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் பண்ணுங்க. அப்புறம், துணி ரோல் மேலயும் கட் பீஸ் குவியல் மேலயும் வெச்சு வேலை பார்க்காதீங்க, கீழே இருக்கற காத்து ஓட்டை அடைஞ்சிடும். பலகை வேணும். அதோட வீட்ல எப்பவும் பிளக்லயே இருந்தா, சார்ஜை 80 சதவீதத்துல நிறுத்தற செட்டிங்கைப் போடுங்க. நாலாவது வருஷத்துல பலன் தெரியும்.

எல்லாருக்கும் கேமிங் லேப்டாப் தேவையும் இல்லை. உங்க கேம் வேலோரண்ட் மட்டும்தான்னா, பிராசஸருக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸே ஓட்டிடும். ஆனா ரேம் ஒத்தைக் குச்சியா இருந்தா திணறும், ரெண்டு குச்சி போடுங்க. பெரிய கார்டு இல்லாத அந்த மெஷின் ஒண்ணரைக் கிலோ, பாதி நாளுக்கு மேல நிக்கும், இருபது முப்பதாயிரம் மிச்சம்.

சிக்கண்ணா அரசு கல்லூரி, எல்ஆர்ஜி மகளிர் கல்லூரி மாதிரி அரசு கல்லூரியில படிக்கறவங்களுக்கு இன்னொரு கணக்கு. 2011-ல பிளஸ் டூ பசங்களுக்குத் தொடங்கின இலவச லேப்டாப் திட்டம் இடையில நின்னு, 2025 மார்ச் பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு திரும்ப வந்துச்சு. 2026 ஜனவரியில கொடுக்க ஆரம்பிச்சாங்க. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கேம் மெஷின் இல்லை, ஆனா பஸ்ஸுக்கும் கிளாஸுக்கும் இதைவிட என்ன வேணும்? கையில அது இருக்கறப்போ 80 ஆயிரத்துக்குக் கடன் வாங்காதீங்க. வீட்ல ஆட, நல்ல கார்டு போட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ஒண்ணு அதுல பாதிக்கும் கீழே அமையும். ஒரே பெட்டியில ரெண்டையும் திணிக்கறதை விட இது சுகம்.

கடைக்குப் போறப்போ பதினஞ்சு நிமிஷம் கேட்டு வாங்குங்க. என்விடியா கண்ட்ரோல் பேனல் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல கார்டுக்கு எத்தனை வாட்னு பாருங்க. டெமோ பீஸோட பிளக்கைப் பிடுங்கிட்டு, வெளிச்சத்தைப் பாதியில வெச்சு ஒரு வீடியோ ஓடவிட்டு, பத்து நிமிஷத்துல எத்தனை சதவீதம் இறங்குதுன்னு குறிச்சுக்கோங்க. மூணு சதவீதம்னா நல்ல மெஷின். ஏழு எட்டுன்னா பெரிய கார்டு தூங்கலை, காரணத்தைக் கேளுங்க. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்னா விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, கம்பெனி கொடுத்த கொள்ளளவையும் இப்ப ஏறற கொள்ளளவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 60-க்கு 35 இருந்தா பேட்டரி மாத்தற காசை விலையில கழிக்கச் சொல்லுங்க. கழிக்கலைன்னா அடுத்த கடை.

அடுத்த வாரம் பழைய டெஸ்க்டாப் வாங்கும்போது கார்டு மைனிங்ல அடிபட்டதான்னு கண்டுபிடிக்கறது எப்படின்னு பேசலாம். வரட்டுங்களா!