26 நாள் கதவடைப்பு: நியூயோர்க் மின்சாரத் தொழிலாளர் விட்டுக்கொடுத்த ஒரு வாசகம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாத வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மேற்பிரிவுத் தலைவி அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், இப்ப பேர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் குறையாதாம். நாட்சம்பளம் அப்படியே. புதுசா பேர் பதியிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் வேற முறைன்னு துரை சொல்றாரு. நம்ம ஆளுங்களுக்கு நட்டமில்லாட்டி கையெழுத்துப் போட்டா என்ன?" என்றார். பஸ் வந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்று ஏறிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை. நட்டமில்லைதானே என்றே எனக்கும் தோன்றியது.

வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அக்காவிடம் துரை சொன்ன அதே வாக்கியத்தை இன்னொரு இடத்தில் வாசித்தது நினைவுக்கு வந்தது. அது நம் மலைநாட்டில் நடந்ததல்ல. அமெரிக்காவில், நியூயோர்க் நகரத்தில், மின்சாரத் தொழிலாளர்களிடம் 2012ஆம் ஆண்டு அவர்களுடைய கம்பனி சொன்னது. இன்று அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வேறு நாடு, வேறு தொழில், நம்மைவிடப் பல மடங்கு சம்பளம். ஆனால் பேச்சுவார்த்தை மேசை ஒரே மேசைதான்.

அந்தக் கம்பனியின் பெயர் கொன் எடிசன். நியூயோர்க் நகரத்துக்கும் பக்கத்திலுள்ள வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்துக்கும் மின்சாரம் கொடுப்பது அவர்கள்தான். முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகள். அது அரசாங்கத்தின் சபை இல்லை, பங்குதாரர்களின் தனியார் கம்பனி. அந்த நகரத்தில் பெரும்பாலான கம்பிகள் கம்பத்தில் ஓடுவதில்லை, தெருவுக்கு அடியில் ஓடுகின்றன. தெருவில் இரும்பு மூடியைத் தூக்கிவிட்டுக் குழிக்குள் இறங்கித்தான் வேலை செய்ய வேண்டும். மழைநீர் நிற்கும், சூடு அடிக்கும், பக்கத்திலேயே உயர் அழுத்தக் கம்பி இருக்கும். அங்கே தவறு நடந்தால் உயிர்தான் போகும்.

இந்தத் தொழிலாளர்களின் சங்கம், அமெரிக்கப் பொதுப்பயன்பாட்டுத் தொழிலாளர் சங்கத்தின் 1-2ஆம் கிளை. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களுக்கும் நம்முடைய பழைய முறைபோல கூட்டு ஒப்பந்தம் உண்டு. அப்போதிருந்த நான்கு ஆண்டு ஒப்பந்தம் 2012 ஜூன் 30ஆம் திகதி நள்ளிரவோடு முடிந்தது. ஜூன் 30 என்றால் அங்கே கோடை. வெயில் ஏறினால் எல்லா வீட்டிலும் குளிரூட்டி ஓடும், மின்சாரம் அதிகம் தேவைப்படும் காலம் அதுதான். நமக்குக் கொழுந்து குமிந்து வரும் மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தால் யார் கை ஓங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கம்பனி மேசையில் வைத்ததில் முக்கியமானது ஓய்வூதியம். இதைக் கொஞ்சம் நிதானமாக விளக்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

அங்கே பழைய முறை இப்படி: எத்தனை வருடம் வேலை செய்தாய், கடைசிக் காலத்தில் என்ன சம்பளம் வாங்கினாய் என்று கணக்குப் பார்த்து, ஓய்வுபெற்ற பிறகு சாகும்வரை மாதாமாதம் ஒரு தொகை. அரசாங்க ஆசிரியர் என்ற முறையில் எனக்கு வரப்போகும் பென்சனும் இந்த வகைதான். நான் தொண்ணூறு வயது வரை இருந்தாலும் தருகிறவர் தந்துதான் ஆக வேண்டும். கம்பனி கேட்ட புதிய முறையில், ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கும். சம்பளத்தில் ஒரு வீதத்தைக் கம்பனி அதில் எழுதிக்கொண்டு வரும், வட்டியும் சேர்க்கும். ஓய்வுபெறும் அன்று கணக்கில் என்ன நிற்கிறதோ அதுதான் அவருடையது. நம்முடைய ஈபிஎப் பணத்தை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்டப் புரியும். எங்கள் அம்மா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றபோது கையில் வந்த ஈபிஎப் பணம் அண்ணனின் கல்யாணத்தோடும் கூரைத் தகரத்தோடும் முடிந்தது. அதற்குப் பிறகும் அம்மா உயிரோடு இருக்கிறார். நல்ல வேளையாக இருக்கிறார். ஆனால் பணம் இல்லை. நீண்ட காலம் வாழ்வதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம்.

ஜூன் மாதத்திலேயே உறுப்பினர்கள் வாக்களித்து, தேவையானால் வேலைநிறுத்தம் செய்யச் சங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். 1983இல் இதே கம்பனியில் ஒன்பது வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் அதை மறக்கவில்லை.

ஒப்பந்தம் முடியும் இரவில் கம்பனி இன்னொன்று கேட்டது. பேச்சைத் தொடரலாம், ஆனால் வேலைநிறுத்தம் செய்வதானால் ஏழு நாள் முன்னறிவித்தல் தர வேண்டும், நாங்களும் கதவடைப்பதானால் ஏழு நாள் முன்னறிவித்தல் தருவோம் என்றது. காதுக்கு நியாயமாகத்தானே இருக்கிறது? இரண்டு பக்கமும் ஏழு நாள். ஆனால் யோசியுங்கள். ஏழு நாள் இருந்தால் கம்பனி தன்னுடைய முகாமையாளர்களை நிலையங்களில் நிறுத்தி, வெளியாட்களைப் பிடித்து எல்லாவற்றையும் தயார் செய்துவிடும். தொழிலாளி அந்த ஏழு நாளில் எதைத் தயார் செய்வார்? அவர் கையில் இருப்பது எந்த நேரமும் வேலையை நிறுத்தலாம் என்பது ஒன்றுதான். அதை எழுத்தில் கொடுத்துவிட்டால் மேசையில் வெறுங்கையோடுதான் உட்கார வேண்டும். சங்கம் மறுத்தது.

ஜூலை முதலாம் திகதி அதிகாலையில் கம்பனி கதவடைத்தது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலைக்கு வரத் தயாராக இருந்தவர்களைத்தான் கம்பனி வெளியே நிறுத்தியது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வேலையைச் சுமார் ஐயாயிரம் முகாமையாளர்களை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். மீற்றர் வாசிப்பதை நிறுத்தினார்கள். பெரிய நிர்மாண வேலைகள் நின்றன. அந்த வாரத்தில் வெயிலும் சேர்ந்து கொளுத்தியது.

சம்பளம் நின்றதோடு மருத்துவக் காப்புறுதியையும் கம்பனி நிறுத்திவிட்டது. நமக்கு இதன் பாரம் உடனே விளங்காது. நமக்கு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இல்லை, டொக்டர் இல்லை என்று குறை சொன்னாலும் வாசலில் காசு கேட்பதில்லை. அங்கே வேலையோடுதான் காப்புறுதி. பிள்ளை பெற இருக்கும் மனைவி, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் அப்பா, எல்லாரும் ஒரே இரவில் காப்பில்லாதவர்கள் ஆனார்கள். பேச்சுவார்த்தையில் கம்பனி எங்கே அடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வீட்டிலுள்ள நோயாளியின் பக்கம்தான் முதல் அடி.

அப்படியும் 26 நாள் நின்றார்கள். மறியல் நடத்தினார்கள், வேறு தொழிற்சங்கங்களும் வந்து பக்கத்தில் நின்றன. ஜூலை 26ஆம் திகதி பெரிய இடிமழை வரப்போகிறது என்று வானிலை எச்சரிக்கை வந்தது. புயல் அடித்துக் கம்பிகள் அறுந்தால் முகாமையாளர்களால் சமாளிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மாநில ஆளுநர் அண்ட்ரூ கியூமோ இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசினார், அன்றே உடன்பாடு வந்தது, தொழிலாளர்கள் உடனே வேலைக்குத் திரும்பினார்கள். மூன்று வாரத்துக்கு மேல் முடியாத பேச்சு ஒரு மழை மேகத்தைக் கண்டதும் முடிந்தது பாருங்கள்.

உடன்பாடு என்ன? நான்கு ஆண்டு ஒப்பந்தம், சம்பள உயர்வு உண்டு. ஓய்வூதியத்தில், அப்போது வேலையில் இருந்தவர்களுக்குப் பழைய முறை அப்படியே இருக்கும். இனிமேல் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கணக்கு முறை.

அக்காவின் துரை சொன்ன அதே வாக்கியம்.

அந்தச் சங்கத்தைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. 26 நாள் சம்பளம் இல்லாமல், காப்புறுதி இல்லாமல் இருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் இன்னும் ஒரு மாதம் நின்றிருக்க வேண்டும் என்று இந்த மலையில் இருந்து சொல்வது சுலபம். இருந்தவர்களின் ஓய்வூதியத்தைக் காப்பாற்றியதும் சின்ன விடயமல்ல. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த வாசகத்துக்காக வீதியில் இறங்க யார் இருந்தார்கள்? பாதிக்கப்படுகிறவர் இன்னும் வேலைக்கே வரவில்லை. அவருக்கு உறுப்புரிமை இல்லை, வாக்கு இல்லை. சிலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். கம்பனிக்கு இது நன்றாகத் தெரியும். மேசையில் ஆள் இல்லாதவரிடம் இருந்து எடுப்பதுதான் மிகச் சுலபம்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஒக்டோபர் 29ஆம் திகதி சாண்டி சூறாவளி வந்தது. கடல் பெருகி மன்ஹட்டனின் கிழக்குப் பக்கத்தில் 13ஆம் தெருவிலுள்ள துணைமின் நிலையத்துக்குள் புகுந்தது, அது வெடித்தது, கீழ் மன்ஹட்டனின் பெரும்பகுதி இருண்டது. அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்கு மின்சாரம் போனது. உப்புத்தண்ணீர் புகுந்த குழிகளுக்குள் இறங்கி மீண்டும் வெளிச்சம் கொடுத்தவர்கள், ஜூலையில் வெளியே நிறுத்தப்பட்ட அதே ஆட்கள்தான். அந்தக் குழிக்குள் இன்று இரண்டு பேர் இறங்கினால், ஒருவருக்குச் சாகும்வரை பென்சன், இன்னொருவருக்குக் கணக்கில் உள்ள தொகை. கம்பி இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் அடிக்கும்.

வருடம் போகப் போகப் பழையவர்கள் ஓய்வுபெறுவார்கள், புதியவர்கள் கூடுவார்கள். ஒருநாள் சங்கத்தில் பெரும்பான்மை அந்தப் புதியவர்கள்தான். சந்தா வாங்கப் போகும்போது, "எங்களுக்காக நீங்கள் என்ன பேசினீர்கள்?" என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

இப்போது நம் விடயத்துக்கு வருகிறேன். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் ரூபாய் வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகிக்கொண்டன. நாட்சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை சொல்லும். ஆனால் எத்தனை கிலோ, யாருக்குப் பெயர், எந்த முறையில் வேலை என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியாகப் பேச வேண்டிய நிலை. அதனால்தான் துரைமார் இப்போது கமிட்டித் தலைவர்களைத் தனித்தனியாகக் காரியாலயத்துக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள்.

அக்கா கொண்டுவந்த தாளை நான் வாசித்தேன். தோட்டத்தின் பெயரும் கம்பனியின் பெயரும் இங்கே வேண்டாம். பழைய பெயர்காரர்களுக்கு நாட்சம்பளம் தொடரும். புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தேயிலைத் துண்டு பிரித்துக் கொடுக்கப்படும். அவர்களே புல்வெட்டி, உரம் போட்டு, கொழுந்து பறித்துக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு விலை. உரத்துக்கும் மருந்துக்கும் கழிவு. ஈபிஎப், ஈடிஎப், பிரசவ சகாயம், சேவைக்காலப் பணம் என்ற சொற்கள் அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. மூன்று தடவை தேடினேன். காணி யாருடையது என்ற சொல்லும் இல்லை. காணி நமக்கு எழுதித் தருவதானால் அது வேறு பேச்சு, அதை நான் எதிர்க்கப் போவதில்லை. அந்தத் தாளின்படி காணி கம்பனிக்கு, மழையும் வெயிலும் விலைச்சரிவும் பிள்ளைகளுக்கு.

நட்டமில்லை என்று அன்று எனக்கும் தோன்றியதாகச் சொன்னேன். என் வகுப்பில் சாதாரண தரத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் கொழும்புக்குப் போகப் போவதில்லை. சிலர் இதே மலையில்தான் நிற்பார்கள். அந்தத் தாளில் எழுதியிருப்பது அவர்களைப் பற்றித்தான் என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் பிடித்தது.

ஆகவே, அக்கா, இப்போது பதில் சொல்கிறேன்: கையெழுத்துப் போட வேண்டாம். மறுத்துவிட்டு எழுந்து வரவும் வேண்டாம், பேச்சைத் தொடருங்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, கமிட்டியில் வாசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது போங்கள், அதில் ஒருவர் முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவராக இருக்கட்டும். "புதிதாக வருபவர்களுக்கு" என்று தொடங்கும் ஒவ்வொரு வாசகத்தையும் தனியாகக் குறித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கையெழுத்தாகும் எந்த உடன்பாட்டிலும் ஈபிஎப்பும் பிரசவ சகாயமும் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது, நாளைக்குத் துரை மாறிவிடுவார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பெயர் பதியாமல் கைக்காசுக்கு வேலை செய்யும் பிள்ளைகள் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர், வயது, எத்தனை மாதமாக வேலை என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். படிவம் பின்மேசையில் இருக்கிறது. பிரிவுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், போட்டோகொப்பிக் காசு சங்கம் கொடுத்துவிட்டது.