சட்டம் விட்டுவிட்ட இருவர்
(மே முதல் நாள் வானொலி மறையுரை)



இன்று தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். இவ்விழாவை மே முதல் நாளில் கொண்டாடும்படி 1955ஆம் ஆண்டு ஏற்படுத்தியவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். மே தினத்துக்கு வேர், 1886இல் அமெரிக்காவின் சிக்காகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த போராட்டம். ஆனால் அமெரிக்கர்கள் தொழிலாளர் தினம் கொண்டாடுவது செப்டம்பரில்! அது இருக்கட்டும்.

தொழிலாளர் சங்கமாய்க் கூடுவது அவர்களுடைய இயல்பான உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் சுற்றுமடல் எழுதினார். அமெரிக்காவில் அந்த உரிமைக்கு வலுவான சட்டம் வர மேலும் 44 ஆண்டுகள் ஆயின. 1935இல் வந்த அதை வாக்னர் சட்டம் என்பார்கள். சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. பெரும்பான்மையோர் தேர்ந்துகொண்ட சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் 'தொழிலாளர் யார்' என்று சொல்லும் பிரிவில் இரண்டு கூட்டத்தாரை அது விட்டுவிட்டது. ஒன்று, வயலில் வேலை செய்வோர். மற்றொன்று, பிறர் வீட்டில் வேலை செய்வோர். தென் மாநிலங்களில் இந்த இரு வேலைகளையும் பெரும்பாலும் செய்துவந்தவர்கள் கறுப்பின மக்கள்.

அமெரிக்கரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. இன்று மே தினம், நமக்கு விடுமுறை. காலையில் நம் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டுப் போனாரே, அவருக்கு?

சட்டம் விட்டுவிட்ட அந்த மக்கள் 30 ஆண்டுகள் கழித்துத் தாங்களே எழுந்தார்கள். கலிபோர்னியாவில் டெலேனோ என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1965 செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பீன்ஸ் நாட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு 1 டாலர் 40 சென்ட் கூலி கேட்டார்கள். எட்டு நாள் கழித்து, சேசர் சாவேசும் டொலோரஸ் ஹுவெர்தாவும் நடத்திய சங்கத்து மெக்சிக்கத் தொழிலாளரும் சேர்ந்துகொண்டனர். அடுத்த தவக்காலத்தில் குவாதலூப்பே அன்னையின் கொடியை முன்னே பிடித்துக்கொண்டு மாநிலத் தலைநகருக்கு நடந்தார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று போய்ச் சேர்ந்தார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. தொழிலாளரில் மிகப்பலர் கத்தோலிக்கர். தோட்டக்காரரிலும் பலர் குரோவேசியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த கத்தோலிக்கக் குடும்பத்தார். ஞாயிறு திருப்பலியில் இரு தரப்பாரும் ஒரே நற்கருணையை வாங்குவார்கள். திங்கட்கிழமை தோட்டத்து வரப்பின் இருபுறமும் எதிரெதிராக நிற்பார்கள். உள்ளூர்க் குருக்கள் பலர் வாய் திறக்கத் தயங்கினர். காணிக்கைப் பெட்டியில் பெரிய நோட்டு யாருடையது என்பது எந்தப் பங்கிலும் எல்லாருக்கும் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே இருந்திருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

தொழிலாளர் கையில் மிஞ்சியது ஒன்றுதான்: திராட்சை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்பது. மற்றச் சங்கங்கள் இப்படிக் கடைவாசலில் நின்று கடைக்காரரை நெருக்க முடியாது. 1947இல் வந்த சட்டத் திருத்தம் அதைத் தடுத்திருந்தது. வயல் தொழிலாளர் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இல்லையே! ஆகவே தடையும் அவர்களுக்கு இல்லை. வெளியே தள்ளிய கதவே வழியாயிற்று. தோட்டத்தை ஒருநாளும் பார்த்திராத நகரத்துக் குடும்பங்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தின.

கடைசியில் அமெரிக்க ஆயர்கள் ஒரு குழு அமைத்தார்கள். ஆயர் ஜோசப் டோனலியும் பேரருள்திரு ஜார்ஜ் ஹிக்கின்ஸும் தோட்டக்காரர் வீட்டுக்கும் போனார்கள், தொழிலாளர் கூடத்துக்கும் போனார்கள். 1970 ஜூலை 29 அன்று டெலேனோ தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்!

1975இல் கலிபோர்னியா தன் வயல் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, வயலில் உழைப்பவரும் வீட்டில் உழைப்பவரும் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள்.