கான்கார்டு காப்பாற்ற வருவதில்லை

'ஈவ் ஆன்லைன்' ஆடத் தொடங்கிய புதியவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே கேட்டுவிடும் கேள்வி இது: "நான் ஹைசெக்கில்தானே நின்றேன், போலீஸ் உள்ள இடத்தில் எப்படிச் சுட்டார்கள்?" பாறையைக் குடைந்து கனிமம் எடுத்துக்கொண்டிருந்தவரின் கப்பல் சில நொடிகளில் சிதறியிருக்கும். சுட்டவர்களின் கப்பல்களும் அடுத்த நொடியே சிதறியிருக்கும். குற்றமும் தண்டனையும் கண்ணெதிரே நடந்து முடிந்தாலும், போன கப்பல் போனதுதான். கேள்விக்குள் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஹைசெக் பாதுகாப்பான பகுதி என்று அந்த விளையாட்டின் விதி எதுவும் உறுதி தந்ததில்லை.

பின்னணி பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். 1984இல் வந்த 'எலீட்' விளையாட்டு ஒற்றை ஆளை விண்வெளி வணிகனாகவும் கொள்ளையனாகவும் உலவவிட்டது. அதே ஆசையை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஒரே உலகமாக்க முனைந்தது, 1997இல் ஐஸ்லாந்தில் தொடங்கிய சிசிபி நிறுவனம். கையில் காசில்லாததால் முதலில் ஒரு பலகை விளையாட்டை விற்றுப் பணம் திரட்டியது. 2003 மே 6 அன்று ஈவ் வெளியானது. அதன் நட்சத்திர மண்டலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை ஹைசெக், 0.4 முதல் 0.1 வரை லோசெக், அதற்குக் கீழே நல்செக். நல்செக்கில் போலீஸே கிடையாது.

மற்ற விளையாட்டுகள் போன வழி வேறு. 'அல்டிமா ஆன்லைன்' தொடக்க ஆண்டுகளில் கொலைகாரர்களின் காடாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் உலகம் இரண்டாக்கப்பட்டது. ஒன்றில் ஒருவரையொருவர் விருப்பமின்றித் தாக்க முடியாது, மற்றொன்றில் முடியும். 2014இல் வந்த 'எலீட்: டேஞ்சரஸ்' தனியாக ஆடவும் ஒரு முறை வைத்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் வேறு மனிதர் யாரும் எதிரே வரமாட்டார்கள். சிசிபி இந்த இரண்டையும் செய்யவில்லை. எங்கும் யாரும் யாரையும் சுடலாம் என்று விட்டுவிட்டு, சுடுவதற்கான விலையை மட்டும் இடத்துக்கு இடம் மாற்றி வைத்தது.

அந்த விலையை வசூலிப்பது கான்கார்டு, கணினி இயக்கும் போலீஸ் படை. பழைய தமிழ்ப் படங்களில் சண்டை முடிந்த பிறகு ஜீப்பில் வந்திறங்கும் போலீஸைப் போல இதுவும் குற்றம் நடந்த பிறகுதான் வரும். ஆனால் இதனிடமிருந்து தப்ப வழியில்லை. 1.0 மண்டலத்தில் சுமார் 6 நொடி, 0.5இல் சுமார் 19 நொடி. அதற்குள் கான்கார்டு வந்து சுட்டவரின் கப்பலை அழித்துவிடும். தொடக்க காலத்தில் அதன் சூட்டைத் தாங்கி நின்றவர்கள் உண்டு. பிறகு அதை யாராலும் வெல்ல முடியாதபடி சிசிபி வலுவாக்கியது. அதனிடமிருந்து நழுவுவதே விதிமீறல் ஆனது.

ஆக, தாக்குபவர் போடும் கணக்கு எளிது. என் கப்பல் போவது உறுதி. போலீஸ் வருவதற்குள் எதிராளியின் கப்பலை உடைத்துவிட முடியுமா? சிதைவில் மிஞ்சும் சரக்கு என் நட்டத்தைவிட அதிகம் பெறுமா? இந்தக் கணக்கை வைத்துச் செய்யும் கொலைக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'சூசைட் கேங்க்'.

இந்தக் கணக்கில் பல ஆண்டுகள் ஓர் அநியாயம் இருந்தது. ஈவில் கப்பல்களுக்குக் காப்பீடு உண்டு. போலீஸ் அழித்த குற்றவாளியின் கப்பலுக்கும் அந்தக் காப்பீட்டுத் தொகை வந்தது! கொலை செய்து தண்டனை பெற்றவன் அன்று மாலையே பணத்தை வாங்கி அடுத்த கப்பலைக் கட்டினான். 2009இல் 'ஹல்க்கெடான்' என்ற போட்டியே தொடங்கியது. கனிமம் தோண்டும் 'ஹல்க்' கப்பல்களை யார் அதிகம் வீழ்த்துவது என்பதுதான் போட்டி. தோண்டும் கப்பலில் சண்டைக்கான துப்பாக்கி இல்லை, கவசமும் அன்று மெலிது. பரிசு மட்டும் கொல்பவருக்கு.

2011 நவம்பரில் 'குரூசிபிள்' புதுப்பிப்பு அந்தக் காப்பீட்டை நிறுத்தியது. தோண்டுபவர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் அதே புதுப்பிப்பு, மலிவான 'டிஸ்ட்ராயர்' கப்பல்களின் சுடும் வேகத்துக்கு இருந்த தடையை நீக்கியது. ஒரே வீச்சில் பெருஞ்சேதம் விளைவிக்கும் 'டொர்னேடோ' என்ற புதிய கப்பலையும் கொண்டுவந்தது. ஒரு கையால் பிடுங்கியதை மறு கையால் இன்னும் கூடுதலாகவே கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது 2012. இந்த வரலாற்றின் சூடான பகுதி இதுதான், அசிங்கமான பகுதியும் இதிலேயே இருக்கிறது. நல்செக்கை ஆண்ட பெருங்கூட்டணிகளில் ஒன்று கூன்ஸ்வார்ம். அதன் தலைவர், ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலோசனைக் குழுவுக்கும் தலைவர். மார்ச்சில் ரெய்க்யாவிக்கில் சிசிபி நடத்திய ஃபேன்ஃபெஸ்ட் விழா மேடையில், கப்பல்களை இழந்து மனமுடைந்த ஒருவர் எழுதியதை அவர் கேலி செய்தார். அந்த ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, அவரைத் தொல்லை செய்யுங்கள் என்றும் தூண்டினார். சிசிபி அந்தத் தலைவரை 30 நாள் தடை செய்தது. குழுத் தலைமையையும் அவர் துறந்தார். விளையாட்டுக்குள் எதையும் அனுமதித்த நிறுவனம், திரைக்கு வெளியே உள்ள மனிதரைத் தொட்டதும் கோடு போட்டது. 30 நாள் என்பது குறைவு என்று அன்று வாதிட்டவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

ஏப்ரல் கடைசியில் அதே கூட்டணி 'பர்ன் ஜிட்டா'வை நடத்தியது. ஜிட்டா ஈவின் மிகப் பெரிய சந்தை. பாதுகாப்பு எண் 0.9. 'ஃப்ரெய்ட்டர்' எனப்படும் ராட்சத சரக்குக் கப்பல்கள் இரவும் பகலும் வந்துபோகும் இடம். அவற்றுக்கு ஆயுதம் கிடையாது, திரும்பி வேகமெடுக்கவே நேரம் பிடிக்கும். கப்பலின் விலை மட்டுமே, விளையாட்டின் நாணயத்தில், நூறு கோடி இஸ்குக்கு மேல். தாக்குதல் நாள் முன்கூட்டியே ஊரறிய அறிவிக்கப்பட்டது. சிசிபி தடுக்கவில்லை, கூட்டத்தைத் தாங்கத் தன் சர்வரைத்தான் தயார்படுத்தியது. நெரிசல் ஏறும்போது விளையாட்டின் காலத்தையே மெதுவாக ஓடவைக்கும் ஏற்பாடு அப்போது புதிது. அதன் புண்ணியத்தில், போலீஸ் வருவதும் கப்பல்கள் எரிவதும் ஜிட்டாவில் மெதுவாகக் கண்ணில் பட்டன.

தாக்குபவர்கள் மலிவான கப்பல்களில் கூட்டமாக வருவார்கள், ஒரே குறியில் சுடுவார்கள், கான்கார்டு அத்தனை பேரையும் அழிக்கும். குற்றவாளிக் கணக்கு தீர 15 நிமிடம் காத்திருந்து, முன்பே கட்டிக் குவித்த அடுத்த கப்பலில் ஏறுவார்கள். பறிகொடுத்தவரின் சரக்கில் தப்பியதை, சுடாமல் ஒதுங்கி நின்ற கூட்டாளி அள்ளிக்கொள்வார். போலீஸ் தன் கடமையில் ஒரு முறைகூடத் தவறவில்லை, ஆனால் உடைந்த ஃப்ரெய்ட்டர் ஒன்றைக்கூட அது மீட்டுத் தரவில்லை.

அதே ஆண்டில் ஹலைமா என்ற மண்டலத்தில் இன்னொரு வேடிக்கை. ஒருவர் தன்னை ஹைசெக்கின் ரட்சகராக அறிவித்துக்கொண்டு, தோண்டுபவர்கள் ஆண்டுக்கு ஒரு கோடி இஸ்க் கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்றார். மறுத்தவர்களின் கப்பலைத் தன் கப்பலால் இடித்து இடித்துப் பாறையை விட்டுத் தள்ளினார். இடிப்பது குற்றமில்லை, எனவே கான்கார்டு எட்டிப் பார்க்காது. இதை வழிப்பறி என்றும் சொல்லலாம், நாடகம் என்றும் சொல்லலாம். சலிப்பூட்டும் ஒரு தொழிலில் புகுந்த முதல் சுவாரசியம் என்றும் சிலர் சொன்னார்கள், தோண்டுபவர்களிலேயே சிலர்.

தோற்றவர்களின் கோபம் பொய்யில்லை. 2010இல் 'கெஸ்ட்ரல்' என்ற சின்னஞ்சிறு கப்பல் ஒன்று 74 பிளெக்ஸுடன் அழிந்தது. ஒரு பிளெக்ஸ் அன்று 30 நாள் சந்தாவுக்குச் சமம், ஆக ஆறு ஆண்டுக்கும் மேலான ஆட்டக் காலம். நிஜக் காசில் ஆயிரம் டாலருக்கு மேல். அதையும் சிசிபி திருப்பித் தரவில்லை.

2012 ஆகஸ்டில் தோண்டும் கப்பல்களே மாற்றியமைக்கப்பட்டன. 'ஸ்கிஃப்', 'ப்ரொக்யூரர்' இரண்டுக்கும் கனத்த கவசம் கிடைத்தது, அவற்றை வீழ்த்துவது பெரும்பாலும் கட்டுப்படியாகாத வேலை. ஆனால் அவை தோண்டும் அளவு குறைவு. ஹல்க்கோ அதிகம் தோண்டும், எளிதில் உடையும். தேர்வு செய்யும் பொறுப்பை ஆட்டக்காரர் கையில் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் ஹைசெக்கில், கவசத்துக்கு இடம் ஒதுக்காமல் கூடுதல் கனிமத்துக்கே எல்லாக் கருவியையும் பூட்டிய ஹல்க்குகள் வந்து நின்றன. சுட்டு வீழ்த்தப்பட்டதும், போலீஸ் எங்கே என்று அவற்றை ஓட்டியவர்கள் கேட்டார்கள்.