நேற்றைய நோயாளி, இன்றைய ஊழியர்

உளவியலிலும் சமூகப் பணியிலும் மனநலச் செவிலியத்திலும் இன்று பட்டம் பெறும் இளைஞர்களே!

மனநோயாளிகளின் சங்கிலியை முதலில் கழற்றியவர் யார் என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு, பிலிப் பினெல் என்று எழுதியிருப்பீர்கள். மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். விடையில் பாதிதான் சரி.

பாரிஸை ஒட்டியுள்ள பிசேத்ர் மருத்துவமனைக்குப் பினெல் மருத்துவராக வந்தது 1793இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே மனநோயாளிகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ழான் பாப்திஸ்த் புசேன். தோல் பதனிடும் தொழிலாளி, மருத்துவம் படித்தவரில்லை. கழுத்தில் கழலைக் கட்டி கண்டு அதே பிசேத்ரில் நோயாளியாகச் சேர்ந்தவர், தேறியபின் அங்கேயே வேலைக்கு அமர்ந்துவிட்டார். நோயாளிகள் மேல் காவலாட்கள் கைவைக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. பணியாட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தப் பிரிவிலேயே மனநோயிலிருந்து தேறிவந்தவர்களுக்கு முன்னுரிமை தந்தார். 1797இல் பிசேத்ரில் சங்கிலிகளைக் கழற்றியவரும் அவர்தான். பினெல் அதற்குள் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு மாறிப்போயிருந்தார்.

பினெல் இதில் எதையும் மறைக்கவில்லை. புசேனிடம் தான் கற்றதை நூலில் எழுதிவைத்தார். பிறகு அவரைத் தன் மருத்துவமனைக்கே வரவழைத்துக்கொண்டார். புசேனை மறந்தது நம் பாடநூல்கள்தான்.

மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் அந்தத் துறையிலேயே வேலைக்கு வந்தால், அதை ஒரு கருணைச் செயலாகப் பார்ப்பது இன்று வழக்கம். வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. நவீன மனநலச் சிகிச்சையின் முதல் வார்டிலேயே அவர்கள் ஊழியர்களாக இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது. சேர்த்துக்கொண்டபின் எப்படி நடத்துகிறோம் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. அதற்கு விடை எழுதப்போவது நீங்கள்.

1961இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் என்ற மருத்துவமனையில் 17 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். பெயர் மார்ஷா லினஹான். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலை. ஸ்கிசோஃப்ரினியா என்று முடிவுகட்டி மாத்திரை, ஊசி, மின்னதிர்ச்சி என அந்தக் காலத்துச் சிகிச்சை எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். மிகத் தீவிரமான நோயாளிகளுக்கான பிரிவில், தனியறையில் பூட்டிவைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. 26 மாதம் கழித்து அங்கிருந்து வெளியே வந்தார்.

பிறகு சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து 1971இல் முனைவர் பட்டம் வாங்கினார். சியாட்டிலில் பேராசிரியரானார். தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக அவர் உருவாக்கியதுதான், டி.பி.டி. என்று நீங்கள் தேர்வுக்குப் படித்த சிகிச்சைமுறை. அது பலன் தருகிறது என்பதற்கான முதல் ஆய்வை 1991இல் வெளியிட்டார். அவரே ஒருகாலத்தில் நோயாளி என்பது அப்போது வெளியே தெரியாது. கையில் இருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு, நீங்களும் எங்களில் ஒருவரா என்று நோயாளிகளே கேட்டதுண்டு.

2011 ஜூனில் அவர் அதைப் பொதுவில் சொன்னார். சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், அதே ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் அரங்கம். அப்போது அவருக்கு வயது 68. பேராசிரியர் பதவியும் உலகப் புகழும் கையில் இருந்தவருக்கே வாய் திறக்க அரை நூற்றாண்டு ஆனது என்றால், ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் ஒரு இளநிலை ஆலோசகர் ஏன் மூச்சுவிடுவதில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

அவருடைய சிகிச்சைமுறைக்கு நான்கு பகுதிகள் உண்டு: தனி அமர்வு, திறன் பயிற்சிக் குழு, தொலைபேசி வழிகாட்டல், நான்காவதாகச் சிகிச்சை அளிப்பவர்களின் கலந்தாய்வுக் குழு. இந்தக் கடைசிக் குழுவை எட்டிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை சிகிச்சையாளர்கள் கூடுகிறார்கள். எந்த நோயாளியைப் பார்க்கத் தனக்குப் பயமாக இருக்கிறது, யாரிடம் எரிச்சல் வந்தது, எங்கே களைத்துப்போனோம் என்பதையெல்லாம் அங்கே கொட்டுகிறார்கள். சக ஊழியர்கள் கைகொடுக்கிறார்கள். சிகிச்சை கொடுப்பவருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை அறிவுரையாகச் சொல்லி நிறுத்தாமல், வாராந்திர அட்டவணையிலேயே ஏற்றிவைத்தார் லினஹான்.

எல்லாக் கதையும் நோய் தீர்ந்து வேலை கிடைத்தது என்று முடிவதில்லை. ஆன்டன் பாய்சன் என்ற பாதிரியார் 1920இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1924இல் அதே மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் போதகராக நியமனம் பெற்றார். அடுத்த ஆண்டே இறையியல் மாணவர்களை வார்டுக்கு அழைத்துவந்து பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் சமயப் பணியாளர்களுக்குத் தரப்படும் பயிற்சிக்கு அதுவே தொடக்கம். 1930இல் அவருக்கு நோய் திரும்ப வந்தது, சிகிச்சைக்குப் போனார். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். 1936இல் தன் முக்கியமான நூலை வெளியிட்டார். நோய் திரும்பிய அன்றே அவர் கணக்கை முடித்து அனுப்பியிருந்தால் அந்த நூல் வந்திருக்குமா என்பது ஐயமே.

தனிமனிதர்களின் கதை போதாது, ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1999இலேயே, மனநோய் அனுபவம் உள்ளவர்கள் பிற நோயாளிகளுக்குத் தரும் ஆதரவுப் பணிக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட பணியாளர்களைப் பற்றிய 11 ஆய்வுகளை, மொத்தம் 2,796 பேரின் விவரங்களை, காக்ரேன் அமைப்பு 2013இல் தொகுத்துப் பார்த்தது. அதே வேலையைச் செய்யும் மற்ற பணியாளர்களைவிட இவர்கள் மோசமும் இல்லை, பெரிதாக மேலும் இல்லை என்று தெரிந்தது. நெருக்கடிச் சேவைகளை நாடுவது மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

2018இல் லான்செட் இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. இங்கிலாந்தில் மனநல நெருக்கடியைத் தாண்டிவந்த 441 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்குப் பயிற்சிப் புத்தகத்தோடு, அந்த அனுபவத்தைத் தாண்டிவந்த பணியாளர் ஒருவருடன் 10 அமர்வுகளும் கிடைத்தன. மறு பாதியினருக்குப் புத்தகம் மட்டும் தபாலில் போனது. ஓராண்டுக்குள் மறுபடி தீவிர சிகிச்சைக்குத் திரும்பியவர்கள் முதல் குழுவில் 29 சதவீதம், இரண்டாவதில் 38 சதவீதம். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் எந்த மருத்துவமனை நிர்வாகியும் இந்த வித்தியாசத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

நம் ஊருக்கு வருவோம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாக்கி, சினிமாவிலும் தெருவிலும் சிரித்துப் பழகியவர்கள் நாம். 1794இல் தொடங்கிய அங்குள்ள மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகு 1984இல் ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். நோயாளி வீடு திரும்பினால் போதாது, வேலைக்கும் திரும்ப வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். புசேன் சங்கிலியைக் கழற்றி 204 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய தி பேனியன், ஆதரவின்றித் தெருவில் இருந்த பெண்களுக்காக ஆரம்பிக்கப்பட்டது. அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலர் பிற்பாடு அங்கேயே ஊழியர்களானார்கள். நீண்ட காலம் நிறுவனத்துக்குள் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ வழிசெய்யும் அதன் 'ஹோம் எகெய்ன்' திட்டத்தை, உலக சுகாதார நிறுவனம் 2021இல் முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்காட்டியது.

சட்டமும் இப்போது துணைக்கு வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக மனநோயையும் சேர்த்திருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் பணம் தர வேண்டும் என்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அவசியம் படித்துவிடுங்கள். மனநோயின் விளைவாக நேர்ந்த நடத்தைக்காக ஒருவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே பாகுபாடு என்று சொன்ன நீதிமன்றம், பழைய பணிக்கு அவர் ஏற்றவரில்லை என்றால் ஊதியம் குறையாமல் மாற்றுப் பணி தரவேண்டும் என்றது. துப்பாக்கி ஏந்தும் படைக்கே அது பொருந்துமானால், கவுன்சலிங் அறைக்குப் பொருந்தாதா?

சட்டம் வாசல்வரைதான் வரும். அலுவலகத்துக்குள் நடப்பது வேறு.

ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வருடம் முன்பு அங்கே படுக்கையில் இருந்த பெண் இன்று அடையாள அட்டையோடு சக ஆதரவுப் பணியாளராக வருகிறார். இரவு போடும் மாத்திரையின் அசதி காலை ஒன்பது மணிவரை போகாது. டூட்டி ஏழு மணிக்கு. லித்தியம் எடுப்பவராக இருந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை கடைசி மாத்திரைக்குப் 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அந்தக் காலைப் பொழுதுக்கு அனுமதி கேட்டால் மேற்பார்வையாளர் காரணம் கேட்பார். வாராந்திரக் கூட்டத்தில் ஒரு நோயாளியைக் கட்டிப்போட்டது தவறு என்று இவர் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசுகிறார். எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களாம்மா?" என்கிறார். அறை சிரிக்கிறது. அவர் சொன்ன விஷயம் அத்தோடு போயிற்று.

அன்று மாலை, முன்பு பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாத்திரையைத் துப்பிடறேன், டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்கிறாள். இவர் யாருடைய ஆள்? நோயாளியின் ஆளா, மருத்துவமனையின் ஆளா? இதற்குப் பயிற்சி வேண்டும். கலந்துபேச ஒரு மூத்தவர் வேண்டும். நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது.

பதிவறையில் அவருடைய கேஸ் ஷீட் இருக்கிறது. நேற்றுவரை அது நோயாளியின் ஆவணம். இன்று அது சக ஊழியரின் அந்தரங்கம். டீ நேரத்தில் யாராவது புரட்டிப் பார்த்தால் தடுக்க என்ன ஏற்பாடு? வேறொரு மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடர நிர்வாகம் உதவலாம். அது முடியாத ஊரில், அந்த ஃபைலைப் பூட்டிவைத்து, சாவி சிகிச்சை தரும் மருத்துவரிடம் மட்டும் இருக்கலாம். கணினியில் இருந்தால் யார், எப்போது திறந்தார் என்ற பதிவைப் பார்க்கலாம். செலவில்லாத காரியங்கள் இவை. ஊதியம் செலவுள்ள காரியம், அதனால் அங்கேதான் கை இழுக்கும். வெளியூரிலிருந்து வந்த பட்டதாரிக்குச் சம்பளம், பி.எஃப்., பதவி உயர்வு. அனுபவத்தோடு வந்தவருக்குப் பயணப்படியும் பொன்னாடையும் என்றால் அது வேலை ஆகாது.

இதெல்லாம் யாரோ சிலரைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கைக்காக இணையவழிக் கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்ன இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 சதவீதம் பேரும், முதுநிலை மாணவர்களில் 15.3 சதவீதம் பேரும் தங்களுக்கு மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். இந்த அரங்கத்திலும், அங்கிக்குள் இருக்கும் பையில் மாத்திரை அட்டை வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். யாரிடமும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை. சொன்னால் வேலை போகாது என்ற நிலையை உண்டாக்குவது மட்டும் மற்றவர்களின் கடமை.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் நேர்முகத் தேர்வு மேசைக்குப் பின்னால் உட்காருவீர்கள். விண்ணப்பத்தில் இரண்டு வருட இடைவெளியோடு ஒருவர் வருவார். அந்த இரண்டு வருடத்தைத் துருவாமல், இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். தகுதி இருந்தால் முழுச் சம்பளத்தில் எடுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே டூட்டி நேரத்தையும் ஃபைல் பூட்டையும் பேசி முடியுங்கள். நோய் திரும்பினால் எத்தனை நாள் விடுப்பு, திரும்பி வரும்போது இடம் உண்டா என்பதை எழுத்தில் கொடுங்கள். உங்களுக்கே ஒருநாள் தேவைப்பட்டால் கூச்சப்படாமல் போய்ச் சிகிச்சை எடுங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.