மனநல மருத்துவர் கோட்டைக்குப் போகலாமா?



மனநல மருத்துவருக்கு அரசாங்கக் கொள்கையில் என்ன வேலை, வந்தவரின் மனக்குறையைக் கேட்டு மருந்தும் ஆறுதலும் தந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதுதான் என் எண்ணம்.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். மனமுடைந்தவர்கள் பேசுவார்கள், தன்னார்வலர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களின் தவிப்பு அங்கே கேட்டது. ஒரு பாடத்தில் தவறினாலும் ஒரு வருடமே போய்விடும் என்ற நிலை. அந்தப் பிள்ளையிடம் தைரியமாக இரு என்று சொன்னால் மட்டும் போன வருடம் திரும்பி வருமா? அதனால் அரசிடமும் பேசினார்கள். தவறியவர்கள் சீக்கிரமே மறுபடி எழுதும் துணைத்தேர்வு தமிழ்நாட்டில் வந்ததில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு.

சட்டத்துக்கு வருகிறேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, வெள்ளைக்காரர் காலத்தில் 1860-இல் எழுதியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை! போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து, ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்றே வீட்டார் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். உடம்பு தேறும், மனத்தின் காயத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். இதை அன்றாடம் கண்ட மனநல மருத்துவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது? பேசினார்கள், பல ஆண்டுகள். 2008-இல் சட்ட ஆணையமும் அந்தப் பிரிவை நீக்கச் சொன்னது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 இல்லை. ஆனால் அரசு ஊழியரின் பணியைத் தடுக்க அப்படி முயன்றால் இன்றும் தண்டனை உண்டு. அதுவும் போக வேண்டும். இலங்கை 1998-லேயே இந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

சிகிச்சைக்கு வந்தவரிடம் மருத்துவர் கட்சி பேசக் கூடாது. நொந்து வந்தவர், சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் நிலையில் இருப்பார். ஆனால் அவரை நோகவைத்த விதியைப் பற்றி அமைச்சரிடம் பேசுவது வேறு. அது அவருக்கான சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

சட்டம் மாறிய சேதி பல வீடுகளுக்கு இன்னும் போகவில்லை. ஆகவே, உங்கள் வீட்டில் தற்கொலை முயற்சி ஏதும் நேர்ந்தால் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மனம் தாங்காதபோது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.