கரிசல் மண்ணை எப்படிக் கற்பிப்பது?



கற்றல் நோக்கங்களை எழுதுவது, அவற்றுக்கேற்ற கற்பித்தல் முறைகளைத் தேர்வது ஆகியவை குறித்த இக்கருத்தரங்கைக் கோவில்பட்டியில் கூட்டியது மிகப் பொருத்தம். இவ்வூரில் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. பள்ளிக்கூடம் பார்த்தவர், பாராதவர் என்ற வேறுபாடில்லாமல் மானாவாரி விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு இத்தகைய நிலையங்களுக்கும் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் உண்டு. ஆசிரியர் கல்வியில் இருக்கும் நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

சோள விதையைக் கடினப்படுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் உப்பைக் கரைத்து, விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வறட்சியைத் தாங்கி முளைக்கும் திறன் இதனால் கூடும். விவசாயி இதைத் தன் கையால் செய்யப் பழக வேண்டுமென்றால், விரிவாக்கப் பணியாளர் செய்முறை விளக்கம் நடத்துவார். உப்பை எடைபோடுவது முதல் விதையை உலர்த்துவது வரை விவசாயியே செய்வார். ஆனால் இதனால் பயன் உண்டு என்று அவர் நம்ப வேண்டுமென்றால் அது போதாது. ஒரே புஞ்சையில் ஒரு பாதி கடினப்படுத்திய விதை, மறு பாதி வழக்கமான விதை என்று விதைத்து, அறுவடைவரை ஊரே பார்க்கும்படி முடிவு விளக்கம் வைப்பார். செய்தி ஒன்றுதான். நோக்கம் மாறியதும் முறை மாறுகிறது. முன்னதற்கு ஒரு நாள், பின்னதற்கு ஒரு பருவம் தேவைப்படுகிறது.

நம் வகுப்பறையில் இந்தத் தெளிவு இருக்கிறதா? பி.எட். மாணவர்களின் பாடக் குறிப்பேடுகளில் அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்ற தலைப்புகள் தவறாமல் இருக்கின்றன. பெஞ்சமின் ப்ளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் வெளியிட்ட வகைப்பாட்டின் வழியில் வந்தவை இவை. மனப்பாடத்தை மட்டுமே அளந்த தேர்வுகளைத் திருத்துவதற்காக, அடுத்த சில ஆண்டுகளிலேயே ப்ளூம் இந்தியாவுக்கு வந்து பயிலரங்குகள் நடத்தினார். அந்த வேகமெல்லாம் போய், இன்று நோக்கம் எழுதுவது குறிப்பேட்டை நிரப்பும் சடங்காகிவிட்டது. நான்கு தலைப்புக்கும் கீழே முறை என்ற இடத்தில் ‘விரிவுரை’ என்று ஒரே சொல் நிற்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

“மாணவர் கரிசல் மண்ணின் தன்மைகளை அறிவர்” என்று எழுதினால் ஆசிரியர் பாடத்தை வாசித்துவிட்டுப் போகலாம். “கரிசக்காட்டு மண், செவக்காட்டு மண் இரண்டிலும் தண்ணீர் இறங்கும் நேரத்தை அளந்து, மழைக்குப் பின் எதில் ஈரம் அதிக நாள் நிற்கும் என்பதைக் காரணத்தோடு சொல்வர்” என்று எழுதிப் பாருங்கள். வாசித்துவிட்டுப் போக முடியாது. அடிப்பக்கம் வெட்டிய இரண்டு தண்ணீர் பாட்டில், வாயில் கட்டத் துணி, ஒரு கடிகாரம் வேண்டும்; பிள்ளைகள் குழுவாக உட்கார வேண்டும். ஆசிரியர் இதை முந்தின நாளே ஒருமுறை செய்துபார்ப்பது நல்லது. காய்ந்து வெடித்த கரிசல் கட்டிகளின் இடுக்கில் தண்ணீர் முதலில் மளமளவென்று இறங்கும். மண் ஊறி உப்பியதும் ஏறக்குறைய நின்றுவிடும். பிள்ளைகள் குழம்புவார்கள். குழம்பட்டும், கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அதற்கான விடை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரை உள்வாங்கி விரியும், காய்ந்தால் சுருங்கும் மாண்ட்மோரில்லோனைட் களிமண்ணின் அடுக்கமைப்பைக் கரும்பலகையில் வரைந்து ஆசிரியர்தான் விளக்கியாக வேண்டும். அங்கே விரிவுரையே சரியான முறை. விரிவுரையை ஒதுக்கச் சொல்பவன் அல்லன் நான். அடுத்து, “மழை பிந்திய ஆண்டில் பருத்தியா, கம்பா, உளுந்தா என்று முடிவெடுத்துக் காரணம் கூறுவர்” என்பது நோக்கமானால், ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடலாம்.

முறையைத் தேர்வதற்கு முன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007 முதல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படிகளும் இருந்தன. பல நாள் வராத பிள்ளை திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. பருத்தி எடுப்புக் காலத்தில் வருகைப் பதிவேடு மெலியும் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது! 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளையும் இந்தக் கண்ணோடு ஆராய வேண்டுகிறேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய நோக்கத்தோடு, அதற்காக வகுப்பில் பிள்ளைகள் செய்த வேலையையும், பருவத் தேர்வில் நீங்கள் கேட்ட வினாவையும் சேர்த்து வாசியுங்கள். மண்ணை அளக்கச் சொல்லிவிட்டு, வினாத்தாளில் “கோடிட்ட இடத்தை நிரப்புக” என்று கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; அதை எப்படித் திருத்துவது என்று இந்த அவை கூடி ஆராயட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.