சூரியன் மறையுமுன்



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு நற்செய்தியில், படைவீரர்கள் திருமுழுக்கு யோவானிடம் வந்து, தாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் ஊதியமே போதும் என்றிருங்கள் என்கிறார் அவர். இந்த மூன்றாவது அறிவுரையை நம்மிடம் வேலை செய்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல நமக்கு மிகவும் பிடிக்கும். அந்த ஊதியமே வராவிட்டால்?

நெதர்லாந்தில் மாஸ், வால் என்ற இரு ஆறுகள் நெருங்கி வரும் இடத்தில், 1599-ஆம் ஆண்டு ஸ்பெயின் படைத்தலைவர் மெண்டோசா ஒரு கோட்டை கட்டினார். அப்போது நாட்டின் பொறுப்பு ஆஸ்திரியாவின் கர்தினால் அந்திரேயாவிடம் இருந்தது. (கர்தினால்கள் நாடாண்ட காலம் அது!) அவர் பெயராலே அது புனித அந்திரேயா கோட்டை ஆயிற்று. நல்ல உறுதியான கோட்டை. அடுத்த ஆண்டே டச்சுத் தளபதி மோரிஸ் அதை முற்றுகையிட்டார். உள்ளே இருந்த வலோனிய, ஜெர்மானிய வீரர்களுக்கு நெடுநாளாகச் சம்பளப் பாக்கி. முற்றுகைக்கு முன்பே அவர்கள் கலகத்தில் இறங்கியிருந்தார்கள். 1600 மே மாதம், 1,25,000 கில்டர் பெற்றுக்கொண்டு கோட்டையை மோரிஸிடம் ஒப்படைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் படையிலேயே சேர்ந்தும்விட்டார்கள். 'புதிய பிச்சைக்காரர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். ஸ்பெயினை எதிர்த்தவர்கள் பெருமையாகச் சூடிக்கொண்ட பட்டம் அது.

துரோகிகள் என்று நாம் சொல்லிவிடலாம். விற்றது விற்றதுதான், அதை நியாயப்படுத்த நாம் வரவில்லை. ஆனால் 1572 முதல் 1607 வரை அந்தப் படையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கலகங்கள் நடந்தன. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி வந்த அரசு அது, கத்தோலிக்க அரசு. அந்த வெள்ளி வருமுன்பே புதிய போர்களுக்கும் பழைய கடன்களுக்கும் போய்விட்டது. வீரன் கடைசி வரிசையில் நின்றான்.

கூலியைப் பிடித்துவைப்பதை, விண்ணகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றாகத் திருச்சபை கற்பிக்கிறது. கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது இணைச்சட்ட நூல். அவர் ஏழை, அதை நம்பித்தான் அன்றைய உலை வைக்கவேண்டும்.

நாமும் கொஞ்சம் எண்ணிப்பார்ப்போம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மா, உபதேசியார், கல்லறைத் தோட்டம் கூட்டுபவர், கோவிற்பிள்ளை: இவர்களுக்குச் சென்ற மாதம் எந்தத் தேதியில் கொடுத்தோம்? திருவிழா நெருங்கும்போது பந்தல்காரருக்கும் வாணவேடிக்கைக்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். கோவிற்பிள்ளையிடம், "திருவிழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அவர் ஒன்றும் கேட்பதில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் மணி அடிக்கிறார்.